அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம்

லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய மரபணுப் பரிசோதனை முடிவைப் பார்த்தேன். குப்பியில் எச்சிலைத் துப்பிக் காசும் கட்டி வாங்கிய முடிவு அல்லவா, படமெல்லாம் நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கா இத்தனை விழுக்காடு, தென்னிந்தியாவும் இலங்கையும் இத்தனை, ஸ்கொட்லாந்து கொஞ்சம். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தது ஒரே வரி: "மாமா, இதில் நான் எது?"

அப்பப்பா இறந்த பின் ஜமைக்கா வழக்கப்படி நடந்த ஒன்பதாம் இரவுச் சடங்கில் யாரோ ஒரு கிழவர் உன்னைக் காட்டி, "இவன் எங்கட பெடியனா?" என்று கேட்டாராம். அம்மா சொன்னாள். அந்த இரவில் ரம் தாராளமாக ஓடியிருக்கும், அவர் உன்னைக் கண்டும் கனகாலம் ஆகியிருக்கும். இருந்தாலும் அந்தக் கேள்விதான் உன்னை எச்சில் துப்ப வைத்தது என்று நினைக்கிறேன்.

தமிழிலேயே எழுதுகிறேன். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனவன் நான்தான். நீ ஒவ்வொரு கிழமையும் அழுதாய். உன் அப்பாவும் சனிக்கிழமைகளில் அழுத பிள்ளைதான் என்பது உனக்குத் தெரியுமா? அவர் போனது கரீபியன் பெற்றோர் நடத்திய பள்ளிக்கு. அந்தக் காலத்தில் கரீபியன் பிள்ளைகளை மந்தபுத்திக்காரர் என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கிரெனடாவில் பிறந்து இங்கே ஆசிரியராக இருந்த பேர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூல் எழுதி அதை அம்பலப்படுத்தினார். பள்ளிக்கூடம் சொல்லித் தராததை நாங்களே சொல்லித் தருகிறோம் என்று தாய் தகப்பன்மார் கிடைத்த இடங்களில் சனிக்கிழமை வகுப்பு நடத்தினார்கள். இந்தச் செய்தி உன் விழுக்காட்டுப் படத்தில் எந்தத் துண்டில் இருக்கிறது?

அந்தப் படத்தை நான் விரும்பாததற்குக் காரணம் இருக்கிறது. கம்பனிகள் தங்களிடம் உள்ள மாதிரிகளோடு உன்னுடையதை ஒப்பிட்டு ஒரு மதிப்பீடு தருகின்றன. மாதிரிகள் கூடும்போது விழுக்காடும் மாறும். அது பெரிய குற்றமில்லை. ஆனால் மனிதரைப் பங்கு பிரித்து எழுதும் பழக்கம் உன் அப்பப்பாவின் தீவில் வேறு ஆட்களிடம் இருந்தது. அடிமை வியாபாரத்தை பிரிட்டன் 1807இல் தடைசெய்த பிறகு, களவாகப் புது ஆட்களைக் கொண்டுவருகிறார்களா என்று பார்ப்பதற்காக அடிமைப் பதிவேடுகளை ஏற்படுத்தினார்கள். ஜமைக்காவில் 1817 முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு முதலாளியும் பட்டியல் கொடுக்க வேண்டும். பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்று பத்தி பத்தியாக இருக்கும். நிறத்துக்கென்று தனிப் பத்தி, தம்பி! பாதிக்கு ஒரு பெயர், காலுக்கு ஒரு பெயர், அரைக்காலுக்கு இன்னொரு பெயர். அந்தப் பெயரைப் பொறுத்தே ஒருவன் வயலில் வெட்டுவானா, வீட்டுக்குள் வேலை செய்வானா என்பதுகூடப் பல இடங்களில் தீர்ந்தது. உன் வட்டப் படத்திலுள்ள ஸ்கொட்லாந்துத் துண்டு எப்படி வந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜமைக்காவின் தோட்டங்களில் ஸ்கொட்லாந்துக்காரர் நிறைய இருந்தார்கள். அது காதல் கதையாக இருந்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நீ பாதி எது, கால் எது என்று உன்னையே கேட்டுக்கொண்டிருக்காதே. அது தோட்ட முதலாளி எழுதிய கணக்கு. முதலாளிக்கு அந்தக் கணக்கால் இலாபமும் கிடைத்தது. அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தார்கள், முழுவதும் உடைமைக்காரர்களுக்கு. வேலை செய்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அதற்கு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்ததாக பிரிட்டிஷ் திறைசேரியே 2018இல் சொன்னது. வேலைக்குப் போன காலமெல்லாம் அப்பப்பா கட்டிய வரியில் ஒரு துளியாவது அந்தக் கடனுக்குப் போயிருக்கிறது. இதைக் கேட்டபோது அவர் உரத்துச் சிரித்தார், பிறகு அன்று முழுக்க யாரோடும் கதைக்கவில்லை.

உன் குடும்பம் தானே எழுதிவைத்த கணக்குகள் வேறு. அவற்றைத் தேடு.

முதலாவது, கப்பல். நீ உன் சிநேகிதர்களிடம் "நாங்கள் வின்ட்ரஷ் குடும்பம்" என்று சொல்வாய். சொல்லிக்கொள், கரீபியனிலிருந்து வந்த அந்தத் தலைமுறைக்கே அந்தக் கப்பலின் பெயர்தான் பெயராகிவிட்டது. ஆனால் எம்பயர் வின்ட்ரஷ் டில்பரித் துறையில் ஆட்களை இறக்கியது 1948 யூன் 22. அதே கப்பல் 1954இல் மத்தியதரைக் கடலில் தீப்பிடித்து மூழ்கிப் போனது. அப்பப்பா வந்தது 1956இல். அவர் ஏறிய கப்பல் எது? குடும்பத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1960 வரை கடல் வழியாக வந்து இறங்கியவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், வயது, தொழில், இங்கே போய்ச் சேரும் முகவரி எல்லாம் அதில் எழுதுவார்கள். அங்குள்ள கணினியிலேயே காசில்லாமல் தேடலாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தேடு. அவர் வெளிநாட்டவராக வரவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இங்கிலாந்தில் பிறந்தவனுக்கும் ஜமைக்காவில் பிறந்தவனுக்கும் ஒரே குடியுரிமை. பிரஜையாகவே வந்து இறங்கினார். இங்கே வந்து அறை தேடிய இடத்தில்தான் "கறுப்பருக்கு இல்லை" என்ற பலகையைப் பார்த்தார்.

அறை கிடைக்காதவர் எப்படி வீடு வாங்கினார்? இரண்டாவது கணக்கு இதுதான். ஜமைக்காக்காரர் அதைப் பார்ட்னர் என்பார்கள், டிரினிடாட்டில் சூசூ, அப்பம்மாவின் கயானாவில் பொக்ஸ் ஹாண்ட். நம் ஆட்கள் பிடிக்கிற சீட்டுத்தான், ஏலக் கழிவு மட்டும் கிடையாது. கிழமைக்குக் கிழமை எல்லாரும் ஒரே தொகையைப் போடுவார்கள், முறை வருகிறவர் மொத்தத்தையும் எடுப்பார். காசைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் ஒரு பெண். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான் பத்திரம். வங்கி கடன் தராத காலத்தில் தெற்கு லண்டனில் எத்தனையோ கரீபியன் குடும்பங்கள் வீட்டுக்கு முற்பணம் கட்டியது இப்படித்தான். அப்பம்மா ஒரு கொப்பியில் பெயர்களை எழுதி வைத்திருந்தார். யார் முறை தவறாமல் போட்டார், யாருக்குப் பிள்ளைப்பேறு என்று முறையை முன்னுக்குக் கொடுத்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறதா என்று பார். இருந்தால் யாரும் குப்பையில் போட விடாதே. எனக்கு அது அரசாங்கப் பதிவேட்டைவிடப் பெரிது.

காகிதத்தின் பெறுமதி உன் வயதுக்காரருக்கு இலகுவில் விளங்காது. 1973க்கு முன் வந்து குடியிருந்தவர்களுக்கு இங்கே தங்கும் உரிமை சட்டப்படி இருந்தது, ஆனால் அதற்கென்று யாரும் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. 2012க்குப் பிறகு வீட்டுக்காரரும் முதலாளியும் வங்கியும் வைத்தியசாலையும் "காகிதத்தைக் காட்டு" என்று கேட்கத் தொடங்கினார்கள். பலர் வந்திறங்கியதற்குச் சான்றாக இருந்த தரையிறங்கு அட்டைகளை உள்துறை அமைச்சு 2010இலேயே அழித்துவிட்டிருந்தது. பிள்ளைகளாக வந்து ஐம்பது வருடம் வேலை செய்தவர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். சிலரைத் திருப்பியும் அனுப்பினார்கள். 2018இல் விடயம் வெடித்து அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். அப்பப்பா தப்பியதற்குக் காரணம் அலுமாரிக்கு மேல் இருந்த பழைய பெட்டி. சம்பளத் துண்டு, வரிக் கடிதம், பள்ளிக் கடிதம் ஒன்றையும் எறியாத மனிதர். அந்தப் பெட்டி இனி உன் பொறுப்பு. உன் அப்பாவிடம் விட்டால் கராஜில் நனையும்.

இனி அப்பம்மா. நீ அவரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, எனக்கு அது பிடிக்கவில்லை. ஜமைக்காப் பக்கந்தான் உன் வயதுப் பெடியன்களுக்குப் பெருமையாக இருக்கிறது. இசை, ஓட்டம், பேச்சு எல்லாம் அதில் இருக்கிறது. அப்பம்மா பெர்பீஸ் கரையோரத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். 1838 மே 5இல் விற்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் முதல் இந்தியக் கூலிகளை பிரிட்டிஷ் கயானாவில் இறக்கின. அவை கல்கத்தாவிலிருந்து போனவை. பிறகு சென்னையிலிருந்தும் கப்பல் போனது. ஒப்பந்த முறை முடிவதற்குள் கயானாவுக்கு மட்டும் 2 இலட்சத்து 39 ஆயிரம் பேர் அளவில் போனார்கள். சென்னைக் கப்பலில் போனவர்களை அங்கே மதராசி என்பார்கள். பெர்பீஸில் இன்றும் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது. நாகமுத்து என்ற பெயருள்ளவர் அந்த நாட்டின் பிரதமராகவே இருந்தார். அப்பம்மா தமிழில் ஒரு வசனம் பேசத் தெரியாதவர், மாரியம்மன் பெயரை மட்டும் என்னைவிடத் திருத்தமாகச் சொல்வார்.

இந்த மனுஷி 1961இல் தாதிப் பயிற்சிக்கு வந்தார். கரீபியன் பெண்கள் பலரைப் போல அவரையும் குறைந்த தரப் பயிற்சியில்தான் போட்டார்கள். பிறகு ஒரு கறுப்பு ஜமைக்காக்காரரை, உன் அப்பப்பாவை, கட்டினார். அப்பம்மாவின் தகப்பன் உன் அப்பா பிறக்கும்வரை ஒரு கடிதம் போடவில்லை. அந்தக் கோபத்தின் வேரும் தோட்டத்தில்தான் இருக்கிறது. விடுதலையான கறுப்பர் நியாயமான கூலி கேட்டபோது, அதைக் குறைத்துப் பிடிக்கத்தான் இந்தியரைக் கொண்டுபோனார்கள். கூலியைக் கெடுக்க வந்தவன் என்று அவர்களும், முரடன் என்று இவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலாளி போன பின்னும் அந்தப் பார்வை போகவில்லை. 1960களின் தொடக்கத்தில் கயானாவில் அது இரத்தம் சிந்தும் கலவரமாயிற்று.

நிற வெறி வெள்ளையனிடம் மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வளராதே. ஸ்டூவர்ட் ஹோல் என்ற பேரறிஞர், 1951இல் ஜமைக்காவிலிருந்து ஒக்ஸ்போட் வந்தவர், தன் வீட்டைப் பற்றியே எழுதியிருக்கிறார். அவருடைய தமக்கை தன்னைவிடக் கறுத்த மருத்துவ மாணவன் ஒருவனை விரும்பியதைப் பெற்றோர் தடுத்தார்கள். அந்தப் பெண் மனம் கலங்கி, அதிலிருந்து முழுதாக மீளவேயில்லை. நம் வீடும் குறைந்ததில்லை. உன் அம்மா உன் அப்பாவைக் கட்டப்போகிறேன் என்ற அன்று நம் வீட்டு விறாந்தையில் "காப்பிலி" என்ற இழிசொல் விழுந்தது. சொன்ன ஆட்கள் இன்று உன் பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அந்தச் சொல் விழுந்தது என்பதைத் தெரிந்துகொண்டு அவர்கள் வீட்டில் சோறு சாப்பிடு.

கலந்து பிறந்தவன் என்பதால் நீ ஏதோ புது மாதிரி ஆள் என்றும் எண்ணாதே. வோல்டர் டல் 1888இல் ஃபோக்ஸ்டனில் பிறந்தார். தகப்பன் பார்படோஸ் தச்சர், தாய் கென்ட் பெண். டொட்டனம் அணிக்குப் பந்தடித்தார், படையில் அதிகாரியானார், 1918இல் போர்க்களத்தில் இறந்தார். இன்னொருவரை நீ கட்டாயம் வாசிக்க வேண்டும்: சாம் செல்வோன். டிரினிடாட்டில் பிறந்தவர், தகப்பன் சென்னையிலிருந்து போனவர், தாய் வழியில் ஸ்கொட்லாந்து இரத்தம். 1956இல் வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' என்ற அவருடைய நாவலில் நடமாடுவோர் பெரும்பாலும் கறுப்பர். முழுக் கதையையும் தீவுக்காரரின் பேச்சிலேயே எழுதினார். யாருடைய கதையை எழுத எனக்கு எத்தனை விழுக்காடு உரிமை என்று அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

படிவங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். குடிசன மதிப்பீட்டில் 1991க்கு முன் இனக் கேள்வியே கிடையாது. 2001இல்தான் கலப்பினத்தவருக்குக் கட்டம் வைத்தார்கள். 2021இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 5 இலட்சத்து 13 ஆயிரம் பேர் வெள்ளையரும் கறுப்புக் கரீபியரும் கலந்தவர் என்ற கட்டத்தில் அடையாளமிட்டார்கள். உனக்கு அந்தக் கட்டமும் பொருந்தாது. "வேறு" என்றதில் போட்டுவிட்டுப் போ. படிவத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதே.

நேரத்தை அப்பம்மாவுக்குக் கொடு. இரவில் போகாதே, அவருக்கு நாடகம் பார்க்கும் நேரம். ஞாயிறு மத்தியானம் போ. தொலைபேசியில் பதிவு போட்டுவிட்டுச் சின்னச் சின்னதாகக் கேள். முதல் அறைக்கு வாடகை எவ்வளவு? பரஃபின் அடுப்பை யார் பற்றவைத்தது? கொப்பியில் இருக்கும் பெயர்களில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள்? உன் அப்பா பிறந்த பின் தகப்பன் போட்ட அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? "இனவாதத்தை எப்படி உணர்ந்தீர்கள்?" என்று நிருபர் மாதிரி ஆரம்பித்தாயோ, தேநீர் போடப் போய்விடுவார். இருவரும் சேர்ந்து சமைத்தால் இன்னும் நல்லது. ஆட்டுக்கறிக்கு மசாலா வறுக்கும்போது அவருக்கு வாய் தானாகத் திறக்கும்.

அவருக்கு இந்தத் தையில் எண்பத்துமூன்று முடிகிறது. நினைவு இப்போது தெளிவாக இருக்கிறது. இந்த மாதத்துக்குள் தொடங்கிவிடு. கியூவுக்குப் போகும் நாளைச் சொல், நானும் வருகிறேன். பென்ஷன்காரனுக்கு பஸ் இலவசம்தானே.

அன்புடன்,
மாமா