ஒளிப்படத்திலிருந்து இழையமைதி: கரையோர மாணவர்க்கு ஒரு பாடம்

உப்பளத்தின் வெடித்த சேற்றுத் தரை, கரையேற்றிய வள்ளத்தின் உரிந்த வர்ணம், தென்னையின் அடிமரம், கற்பிட்டிக் கோட்டையின் முருகைக்கற் சுவர் ஆகிய யாவும் புத்தளக் கரையில் வாழும் நாம் கண்டும் காணாது கடந்து செல்லும் பொருள்கள். இவற்றின் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளங்களும் நிறவேறுபாடுகளும் கூடிக் கண்ணுக்குத் தரும் தன்மையினை டெக்ஸ்சர் என்பர். அதனை நாம் இழையமைதி என வழங்குவோம். ஒளிப்படத்தினின்று அதனை ஆக்கும் முறையினை எமது மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியில் அமைக்கப்படும் வீடோ வள்ளமோ முதலில் வெறும் வடிவமே. அவ்வடிவத்தின்மேற் படத்தைத் தோல்போலப் போர்த்தும் வழியினை, 1974ஆம் ஆண்டு யூட்டாப் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் எட்வின் கட்மல் காட்டினார். திரைப்படமும் கணினி விளையாட்டும் இன்று அவ்வழியைப் பெரிதும் கையாள்கின்றன. படத்தைத் திருத்துதற்கு 1990இல் வெளிவந்த போட்டோசொப் பெயர்பெற்றது. ஆயின் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். 1996இல் வெளிவந்த கிம்ப் இலவசமாகக் கிடைப்பதாகலின் மாணவர்க்கு அதுவே ஏற்றது.

முதற்படி படமெடுத்தல். சுவருக்கு நேரெதிரே நின்று, கமெராவைச் சாய்க்காது எடுத்தல் வேண்டும். மேகமூட்டமான பொழுதே சிறந்தது. நாம் முதன்முதல் உப்பளத் தரையை மாலை வெயிலிற் படமெடுத்தோம். படம் அழகாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு வெடிப்பின் நிழலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தமையால், கணினியில் ஞாயிற்றை எத்திசையில் வைத்தாலும் அந்நிழல் மாறவில்லை. தரை பொய்யாகத் தோன்றியது. அன்று கற்ற பாடம் இது: நல்ல படம் வேறு, நல்ல இழையமைதி வேறு. முன்னதற்கு ஒளி உயிர். பின்னதில் ஒளியின் சுவடே இருத்தலாகாது.

இரண்டாம்படி ஒளியைச் சமன்செய்தல். படத்தைச் சதுரமாக, 2048க்கு 2048 படப்புள்ளி அளவில் வெட்டுக. படத்தை மிகுதியாக மங்கச் செய்தால் நுண்விவரம் மறைந்து, எங்கே வெளிச்சம், எங்கே இருள் என்பது மட்டும் எஞ்சும். அதனை மூலப்படத்தினின்று கழித்து, நடுத்தரச் சாம்பல் நிறத்தைக் கூட்டினால் பரப்பெங்கும் ஒளி ஒரு சீராகும். ஹைபாஸ் என்னும் வடிகட்டி செய்வதும் இதுவே. இதனால் நிறம் வெளிறுமாயின் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாம்படி பொருத்து மறைத்தல். பாய் இழைப்போர் ஓலை முடிந்த இடந் தெரியாது அடுத்த ஓலையைச் சேர்ப்பர். அத்திறனே இங்கும் வேண்டும். ஒஃப்செட் என்னும் கட்டளையால் படத்தைக் குறுக்கும் நெடுக்கும் 1024 புள்ளி நகர்த்துக. ஓரங்கள் நடுவில் வந்து சிலுவைபோற் பொருத்துக் காட்டும். நடுவிலிருந்தவை ஓரமாகித் தாமே பொருந்தும். குளோன், ஹீல் ஆகிய கருவிகளால் அச்சிலுவையை அழித்திடுக. புதிய ஓரங்களைத் தீண்டற்க.

இறுதியாக, ஒன்பது படங்களை மும்மூன்றாக அடுக்கிச் சற்று எட்ட நின்று நோக்குக. ஒரு வெள்ளைச் சிப்பி ஒன்பது முறை தோன்றினால் கண் உடனே கண்டுகொள்ளும். அத்தகைய தனி அடையாளங்களையெல்லாம் நீக்குதல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கற்பிட்டிக் கோட்டை 1667இல் ஒல்லாந்தரால் தொடங்கப்பட்டு 1676இல் நிறைவுற்றது. உப்புக்காற்று அத்தகைய சுவர்களை நாளும் அரிக்கின்றது. நாம் நீக்கும் கறையும் விரிசலுமே நாளை அச்சுவரின் வரலாற்றுக்குச் சான்றாகலாம். ஆதலின் அனுமதி பெற்றுப் படமெடுங்கள். மூலப்படத்தை மாற்றாது, இடமும் நாளும் குறித்துத் தனியே சேமியுங்கள். இழையமைதி கலைக்கு உதவும். மூலப்படமோ ஊரின் நினைவைக் காக்கும். இரண்டினையும் பேணுதல் எமது மாணவர் கடனாகும்.