பொத்தானை அழுத்தியபின் நடப்பது என்ன?

நம் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் நாள்தோறும் காணும் காட்சிதான் இது. பொத்தானை அழுத்துகிறோம். விசிறி இரையத் தொடங்குகிறது. கறுப்புத் திரையில் கம்பெனியின் பெயர் தோன்றி மறைகிறது. சற்று நேரம் சென்றபின், கடவுச்சொல்லைக் கேட்டபடி திரை காத்து நிற்கிறது. இடையிலுள்ள அந்தச் சில விநாடிகளைப் பக்கத்துத் தோழியோடு பேசுவதற்கென்றே நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்! ஆனால் கணிப்பொறியோ அந்நேரத்தில்தான் ஒரு பெரும் சிக்கலைத் தனியாக நின்று தீர்த்துக் கொண்டிருக்கிறது. அச்சிக்கல் யாது எனக் காண்போம்.

கணிப்பொறியின் மூளை என்று நாம் புகழும் பிராசஸருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. நினைவகத்தில் வரிசையாக எழுதி வைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றும், அவ்வளவே. ‘ராம்’ எனப்படும் அந்த நினைவகமோ, மின்சாரம் நின்றால் அனைத்தையும் மறந்துவிடும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற பெரும் புரோகிராம்கள் டிஸ்கில் பத்திரமாக உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவற்றை டிஸ்கிலிருந்து ராமுக்குக் கொண்டுவர ஒரு புரோகிராம் வேண்டுமே! அதுவும் டிஸ்கிலேயே இருந்தால்? சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். தான் அணிந்த பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக் கொள்ளும் வித்தை என்று ஆங்கிலத்தில் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். ‘பூட்’ என்னும் சொல் அங்கிருந்தே வந்தது.

இந்தச் சிக்கலை மனிதர் தம் விரல்களாலேயே தீர்த்த காலமும் உண்டு. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘ஆல்டேர் 8800’ என்ற சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்புறத்தில் வரிசை வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. அப்பொறிக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் என்னும் கணிப்பொறி மொழியை எழுதினார்கள். எழுதி முடிக்கும்வரை ஆல்டேரை அவர்கள் கண்ணால் கூடக் கண்டதில்லை என்பது வியப்புக்குரியது. காகித நாடாவில் துளையிட்ட அந்தப் புரோகிராமை எடுத்துக்கொண்டு ஆலன் ஆல்புகர்க்கி நகருக்கு விமானம் ஏறினார். விமானம் தரையிறங்கத் தொடங்கிய வேளையில்தான் அவருக்கு உறைத்தது: நாடாவைப் படித்து நினைவகத்தில் ஏற்றும் சிறு புரோகிராமை எழுதவேயில்லை! உடனே ஒரு தாளை எடுத்து, வெறும் எண்களாகவே அதை எழுதினார். பின்பு ஆல்டேரின் முன்னமர்ந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளி உள்ளே செலுத்தினார். ஓர் எண் தவறியிருந்தாலும் எல்லாம் வீணாகியிருக்கும். நாடா ஓடி முடிந்தது. இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னார். நான்கு என்று விடை வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த ஆண்டிலேயே பிறந்தது.

நாம் இன்று சுவிட்சுகளோடு மல்லாடுவதில்லை. ஆலன் தாளில் எழுதியதைப் போன்ற தொடக்கப் புரோகிராம், மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு சில்லில் பதிந்து, மதர்போர்டில் அமர்ந்திருக்கிறது. ‘பயாஸ்’ என்பது அதன் பெயர். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் அதன் அளவு 8 கிலோபைட்டே.

இனி, நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை, பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. மின்னழுத்தம் நிலைப்படும்வரை பிராசஸர் எழும்ப அனுமதியில்லை. ‘மின்சாரம் சரி’ என்ற சைகை வந்தபிறகே அது கண்விழிக்கும். அதற்கு அரை விநாடி கூட ஆகாது. விழித்ததும் அது செல்ல வேண்டிய முகவரியைச் செய்தவர்கள் முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டார்கள். அந்த ஐ.பி.எம். பொறியின் 8088 பிராசஸருக்கு 10,48,576 பைட்டுகளை எண்ணத் தெரியும். அது தொடங்கிய இடமோ கடைசியிலிருந்து பதினாறாவது பைட்! பதினாறு பைட்டில் என்ன எழுத முடியும்? ‘வேறிடத்துக்குத் தாவு’ என்ற கட்டளையே அங்கு இருந்தது. தாவிய இடத்தில் பயாஸ் காத்திருந்தது.

பயாஸின் முதல் வேலை உடற்பரிசோதனை. ராம் இருக்கிறதா, திரைக்குரிய அட்டை இருக்கிறதா, விசைப்பலகை இணைந்திருக்கிறதா என்று சோதிக்கிறது. திரைக்கே உயிர் வராத நிலையில் கோளாறை எப்படிச் சொல்லும்? ‘பீப்’ என்று கூவித்தான். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விசைப்பலகையைக் காணோம், தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துக என்று அறிவித்த பயாஸ்களும் உண்டு. காணாத விசைப்பலகையில் எதை அழுத்துவதாம்?

சோதனை முடிந்தபின் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் பயாஸ் ராமுக்குக் கொண்டுவரும். அவற்றில் இறுதி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருந்தால் நம்பும், இல்லையேல் தள்ளிவிடும். டிஸ்கின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணைக்கு 64 பைட்டு போக, புரோகிராமுக்கு எஞ்சுவது 446. இன்றைய யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமாக மூன்று பைட்டு ஆகிறது; ‘கா’ என்றெழுத இரு குறிகள் வேண்டும். ஆக 148 குறிகளுக்குத்தான் இடமுண்டு. கடிதத்தின் முதற்பத்தி கூட முடியாது! அவ்வளவு சிறியது தன்னினும் பெரியதொன்றை அழைத்துவர, அது மேலும் பெரியதை அழைத்துவர, இறுதியில் விண்டோஸோ லினக்ஸோ வந்து பொறுப்பேற்கிறது. இப்போது வரும் பொறிகளில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை இந்த 446 பைட்டு நெருக்கடியைப் போக்கிவிட்டது. தொடக்கப் புரோகிராமின் கையொப்பத்தைச் சரிபார்த்தபிறகே உள்ளே விடும் வழக்கமும் அதில் உண்டு.

அந்தக் காவல் வேண்டியதுதான். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்னும் வைரஸ் பல நாடுகளில் கணிப்பொறிகளைத் தாக்கியது. டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, பல பொறிகளில் பயாஸ் சில்லின் மீதும் குப்பையை எழுதிவிட்டது. அப்பொறிகளில் விசிறி சுற்றியது; திரை கறுத்தே கிடந்தது. சில்லை மாற்றியோ, வெளியிலிருந்து மீண்டும் எழுதியோதான் அவற்றை எழுப்ப முடிந்தது.

இவையெல்லாம் தெரிந்து நமக்கென்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். நம் தோழி ஒருத்தியின் வீட்டுக் கணிப்பொறி ஒரு நாள் டிஸ்கைக் காணோம் என்று எழுதிக்காட்டி நின்றுவிட்டது. மறைந்த பாட்டியின் படங்கள் அனைத்தும் அதில்தான் இருந்தன. பழுதுபார்க்கும் கடையொன்றில், எல்லாம் போய்விட்டது, அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார்கள். தந்தையாரும் சம்மதிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அதற்குள் அவள் ஒன்றைக் கவனித்தாள்: பயாஸ் திரையில் தேதி, அவள் பிறப்பதற்கு முந்தைய ஆண்டைக் காட்டியது. கணிப்பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி. அது செத்தால் கடிகாரம் பின்னோக்கிப் போகும். பல பொறிகளில் பயாஸின் அமைப்புகளும் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்கைத் தேடும் முறை அவ்வாறே மாறியிருந்தது. சி.ஆர். 2032 என்று கேட்டு ஒரு பாட்டரி வாங்கிப் போட்டு, அமைப்பைப் பழையபடி வைத்ததும் கணிப்பொறி எழுந்தது. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆகவே கணிப்பொறி எழவில்லை என்றால், அது எந்தப் படியில் நின்றது என்று முதலில் பார்ப்போம். விசிறியே சுற்றாவிடில் பவர் சப்ளையையும் பிளக்கையும் கவனிக்க வேண்டும். விசிறி சுற்றிப் பீப் ஒலி கேட்டால் ராமைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லலாம். கம்பெனியின் பெயர் தோன்றியபின் நின்றால், பென் டிரைவ் ஏதேனும் செருகியபடி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். சில பொறிகள் அதையே டிஸ்க் என்றெண்ணி ஏமாந்து நிற்கும். டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்ற ஓசை வந்தால் மட்டும் மீண்டும் மீண்டும் முயலாமல் அணைத்துவிட வேண்டும். மற்றபடி டிஸ்கைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்தால் பெரும்பாலும் கோப்புகளைப் படித்துவிடலாம். டிஸ்கைக் குறியீட்டால் பூட்டி வைத்திருப்போர் அதன் மீட்புச் சாவியை இன்றே ஒரு நோட்டில் எழுதி வைப்பது நலம்.