குறுநிரல் புதிர்: விதிகளைத் தெளிவாக அறிவோம்



நம் அறக்கட்டளையின் மாலை நேரக் கணினி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதிர் தரப்பட்டுள்ளது. ஒரு கணக்கைச் செய்து முடிக்கும் நிரலை, அதாவது புரோகிராமை, யார் மிகச் சுருக்கமாக எழுதுகிறாரோ அவருக்குப் பரிசு. பிள்ளைகள் வீட்டில் எழுதிப் பார்க்கும்போது "இப்படி எழுதினால் செல்லுமா, அப்படி எழுதினால் செல்லுமா" என்ற கேள்விகள் எழுகின்றன. அவற்றுக்கான விளக்கமே இந்த மாதப் பாடம். கணினி தெரியாத பெற்றோரும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்காரலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

இவ்வகைப் புதிருக்கு 'கோட் கோல்ஃப்' என்று பெயர். கோல்ஃப் ஆட்டத்தில் மிகக் குறைந்த அடியில் பந்தைக் குழியில் சேர்ப்பவரே வெற்றி பெறுவார். இங்கே அடிக்குப் பதில் எழுத்து. பெர்ல் என்னும் கணினி மொழியில் எழுதுவோர் 1990-களின் இறுதியில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கணக்கு என்ன?

மகாராஷ்டிராவில் நாசிக் அருகே உள்ள தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர் டி.ஆர். கப்ரேக்கர். முதுகலைப் பட்டம் பெறாதவர். எண்களோடு விளையாடுவதே அவருடைய பொழுதுபோக்கு. அவர் கண்டறிந்த ஒன்றை 1949-இல் மதராஸ் கணித மாநாட்டில் அறிவித்தார். அது இதுதான்:

ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு முறையும், சிறியதிலிருந்து பெரியதாக ஒரு முறையும் அடுக்குங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். வந்த விடையை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். அதிகம் போனால் ஏழு முறை. கடைசியில் 6174 வந்து நிற்கும்.

அவர் அறிவித்த ஆண்டையே எடுத்துப் பார்ப்போம்: 1949.

9941 - 1499 = 8442
8442 - 2448 = 5994
9954 - 4599 = 5355
5553 - 3555 = 1998
9981 - 1899 = 8082
8820 - 0288 = 8532
8532 - 2358 = 6174

சரியாக ஏழு படிகள். பிள்ளைகள் எழுத வேண்டிய நிரல், தரப்படும் எண் 6174-ஐ அடைய எத்தனை படி ஆகிறது என்று சொல்ல வேண்டும். 1949 என்று கொடுத்தால் 7 என்று வர வேண்டும். அவ்வளவுதான் புதிர். இனி விதிகள்.

விதி 1: எந்த எண்கள் வரும்?

1000 முதல் 9999 வரை உள்ள எண்கள் மட்டுமே தரப்படும். ஆனால் 1111, 2222 போல நான்கு இலக்கமும் ஒன்றாக உள்ள எண்கள் வராது. ஏனென்றால் 1111-இல் எப்படி அடுக்கினாலும் 1111-தான், கழித்தால் பூஜ்யம், அதற்கு மேல் நகராது. மொத்தம் 9000 எண்களில் இப்படிப்பட்டவை 9. மீதி 8991. அவற்றில் எது வேண்டுமானாலும் வரலாம்.

விதி 2: முன்னால் வரும் பூஜ்யத்தை விடக்கூடாது

அதிகம் பேர் வழுக்கும் இடம் இதுதான். 2111-ஐ எடுங்கள். 2111 - 1112 = 999. இதை மூன்று இலக்க எண்ணாகவே வைத்துக்கொண்டால் 999 - 999 = 0 என்று கணக்கு செத்துவிடும். 0999 என்று நான்கு இலக்கமாகவே எழுத வேண்டும். அப்போது 9990 - 0999 = 8991, பிறகு 8082, 8532, 6174. ஐந்து படிகளில் வந்துவிடுகிறது.

'அல்காரிதம்' என்ற சொல்லே அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அவர், இந்திய எண்முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அந்நூலின் லத்தீன் வடிவமே நமக்குக் கிடைத்திருக்கிறது. எண் இல்லாத இடத்தில் ஒரு சிறு வட்டம் இட வேண்டும், இடம் காலியாகிவிடக் கூடாது என்ற அறிவுரை அதில் உண்டு. நம் புதிரிலும் அதே பாடம்தான்.

விதி 3: 6174 என்றே கொடுத்தால்?

விடை 0. ஏற்கெனவே சேர வேண்டிய இடத்தில்தான் இருக்கிறோம். "7641 - 1467 = 6174, ஆகவே 1 என்றும் சொல்லலாமே" என்று வாதிடலாம். இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு. அதனால்தான் விதி முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்து சொல்கிறது: 0.

விதி 4: நீளத்தை எப்படி அளப்பது?

எழுத்துகளை எண்ண மாட்டோம், பைட்டுகளை எண்ணுவோம். ஆங்கில எழுத்து, எண், கழித்தல் குறி ஒவ்வொன்றும் ஒரு பைட். இடைவெளியும் ஒரு பைட். வரி முடிவு விண்டோஸில் இரண்டு பைட்டாகப் பதிவாகும், லினக்ஸில் ஒன்றாகப் பதிவாகும். போட்டியில் எல்லோருக்கும் ஒன்று என்றே கொள்ளப்படும்.

பைத்தான் மொழியில் மாறிகளுக்குத் தமிழிலும் பெயர் வைக்கலாம். தடையில்லை. ஆனால் நீளம் கூடும். 'அம்மா' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி அதை அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக மொத்தம் 15.

விதி 5: எல்லா எண்ணுக்கும் சரியாக வர வேண்டும்

விடை 0 முதல் 7 வரை ஏதோ ஒன்றுதான். ஆகவே எதைக் கொடுத்தாலும் 3 என்று அச்சிடும் ஒரு நிரலை மிகச் சிறியதாக எழுதிவிடலாம். சில எண்களுக்குச் சரியாகவும் வரும். அது செல்லாது. 8991 எண்களுக்கும் சரியான விடை தரும் நிரல்களை மட்டுமே நீளம் பார்க்க எடுத்துக்கொள்வோம். ஒரே ஓர் எண்ணுக்குத் தவறினாலும், எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும் அது போட்டியில் இல்லை.

விதி 6: மொழிக்கு மொழி ஒப்பிட மாட்டோம்

கோல்ஃப்ஸ்கிரிப்ட் போன்ற சில மொழிகள் இத்தகைய போட்டிக்கென்றே உருவானவை. அவற்றோடு பைத்தானையோ சி மொழியையோ நிறுத்துவது, சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஒரே பந்தயத்தில் விடுவது போல. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பரிசு.

இதெல்லாம் எதற்கு?

ஒரு விளையாட்டுக்கு இத்தனை விதியா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீ-சர்ட் ஆர்டரில் 'செஸ்ட் 50 செ.மீ.' என்று இருந்தால் அது சுற்றளவா, மேசையில் விரித்து வைத்து அளக்கும் ஹாஃப் செஸ்ட்டா? அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டர் கத்திரி வைக்கும் முன்னே கேட்டுவிடுவார். கேட்காமல் வெட்டினால் துணி போகும், கூலி போகும், அடுத்த ஆர்டரும் போகும். அளவுத் தாளில் எழுதாமல் விட்ட ஒரு சொல்லின் விலை அது.

விதி தெளிவாக இல்லாவிட்டால் போட்டியிலும் நஷ்டம்தான். ஒரு பிள்ளை பூஜ்யத்தைக் காப்பாற்ற இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கும். இன்னொரு பிள்ளை அதை விட்டுவிட்டுச் சிறியதாக எழுதியிருக்கும். எது சரி என்று முடிவு நாளில் தீர்மானித்தால், கவனமாக எழுதிய பிள்ளைக்கு அநீதி. பரிசு சிறியதுதான், ஆனால் உழைத்ததற்குப் பலன் இல்லை என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனதில் நெடுநாள் நிற்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளில் பலர் அவர்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். கேள்வி கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். பெண் பிள்ளைகளிடம் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். "பூஜ்யம் வந்தால் என்ன செய்வது? 6174-ஐயே கொடுத்தால்?" என்று கேட்கிற பிள்ளை புதிரைப் புரியாத பிள்ளையல்ல, புதிரின் ஓரங்கள் வரை போய்ப் பார்த்த பிள்ளை. கல்லூரி வளாகத் தேர்விலும் வேலையிலும் அவர்களைக் காப்பாற்றப்போவது இந்தப் பழக்கம்தான். வீட்டில் "சும்மா எதையாவது கேட்டுக்கொண்டே இருக்காதே" என்று அடக்காமல், கேட்கவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. சுருக்கி எழுதுவது மூளைக்குப் பயிற்சி. வேலைக்குப் போன இடத்தில் அப்படி எழுதாதீர்கள். அங்கே அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவதே திறமை. இங்கேயும் முதலில் சரியாக எழுதுங்கள், பிறகு சுருக்குங்கள்.

வீட்டுப் பயிற்சி

கீழே உள்ள எண்களைத் தாளில் செய்து பாருங்கள்: 1947, 1000, 7641.
விடை: 1947-க்கு 5 படி, 1000-க்கு 5 படி, 7641-க்கு 1 படி.

இங்கே சொல்லாத ஐயம் எழுந்தால், நிரலைத் தரும் நாளுக்கு முன்பே வகுப்பில் எழுப்புங்கள். ஒருவர் கேட்டதற்கான பதில் கரும்பலகையில் எல்லோருக்கும் எழுதிப் போடப்படும், இன்ஷா அல்லாஹ்.