ஆண்ட்ரோமீடாவின் விண்மீன் கொத்துகள்

கேள்வி: ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைச் சுற்றும் விண்மீன் கொத்துகள் எப்படி நகர்கின்றன என்பதை எப்படி அறிகிறார்கள்?
– வாசகி, பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்சி

பதில்: 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருப்பவை, ஆகவே ஒளியைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கொத்து நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். ஆண்ட்ரோமீடாவே நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் சூரியனை நோக்கி வருகிறது, அதைக் கழித்துக்கொள்வார்கள்.

2019இல் ‘நேச்சர்’ வெளியிட்ட ஆய்வு என்னை வியக்க வைத்தது. வெளிப்புறக் கொத்துகளில் இரண்டு கூட்டங்கள் உண்டு; ஒன்றின் சுழல் அச்சு மற்றதற்குச் செங்குத்து! ஆண்ட்ரோமீடா வெவ்வேறு காலங்களில் சிறிய கேலக்ஸிகளை விழுங்கியதன் தடயம் அது.

உங்கள் பக்கத்து ஊரான பிரின்ஸ்டனில்தான், சுருள் கேலக்ஸிகள் நிலைத்திருக்கக் கண்ணுக்குத் தெரியாத பெருநிறை சூழ்ந்திருக்க வேண்டும் என்று 1973இல் வானியற்பியலாளர்கள் ஆஸ்ட்ரைக்கரும் பீபிள்ஸும் வாதிட்டார்கள். கொத்துகளின் வேகம் அந்த நிறையை அளக்கவும் உதவுகிறது.