லேவியராகமத்தில் நின்றுபோகிறேன்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து தொடங்குகிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறது. வாலிபர் கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போது குற்றவுணர்வாக இருக்கிறது. என் விசுவாசம் குறைவுபட்டதா?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை, தம்பி. நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிப்பவர் ஆதியாகமத்தின் 50, யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களை ஒரே மாதத்தில் முடித்துவிடுவார். அடுத்து வரும் லேவியராகமத்தில் கதை ஓட்டம் ஏறக்குறைய நின்று, பலிகளும் சுத்திகரிப்புச் சட்டங்களும் தொடங்குகின்றன. அங்கே களைத்துப்போகிறவர்கள் ஏராளம்.

மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று போதும். கூடவே ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மாற்கு 12-இல், பிரதான கற்பனை எது என்ற கேள்விக்கு இயேசு இரண்டு கற்பனைகளைச் சொல்கிறார். பிறனை நேசிக்கச் சொல்லும் இரண்டாவது, லேவியராகமம் 19-இல் இருப்பது! அதே அதிகாரம்தான், வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. இயேசுவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே திரும்பிப் போனால், அந்தப் புத்தகம் உங்களுக்குத் திறக்கும்.

இன்னொன்று. தனியாகப் போராடாதீர்கள். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டு ரதத்தில் போகிறார். புரியவில்லை என்று வெட்கப்படாமல் பிலிப்புவை ஏறி உட்காரச் சொல்கிறார். வேதபாடம் என்பது அதுதான். வாலிபர் கூட்டத்தில் அழகாகப் பேச வேண்டும் என்ற பாரம் உங்களுக்கு வேண்டாம். புரியாத வசனத்தைக் கேள்வியாகக் கொண்டுபோங்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் ஐயரிடமே முதல் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.