அஞ்சா நெஞ்சினர் இருவர்



பகைவரை எதிர்த்து வெல்வது ஒருவகை வீரம். வெடிக்கக் காத்திருக்கும் குண்டின் அருகே சென்று பிறர் உயிரைக் காப்பது மற்றொரு வகை வீரம். இவ்விரண்டாம் வகை வீரத்திற்குச் சான்றான இருவரை நாம் அறிவோம்.

இரண்டாம் உலகப் போர் 1939ஆம் ஆண்டு மூண்டது. ஜெர்மானியர் கடலில் காந்தக் கண்ணிவெடிகளை இட்டனர். கப்பல் அவற்றின்மீது மோத வேண்டுவதில்லை; அதன் இரும்பு உடலின் காந்தத்தன்மையை உணர்ந்ததுமே அவை வெடிக்கும். அவற்றின் அமைப்பை அறிந்தாலன்றித் தடுக்க வழியில்லை. நவம்பர் 23ஆம் நாள், இங்கிலாந்தின் ஷூபரிநெஸ் கடற்கரைச் சேற்றில் அத்தகைய வெடி ஒன்று அகப்பட்டது. கடற்படை அதிகாரி ஜான் ஊவ்ரி, பால்டுவின் என்னும் துணைவருடன் அதனை அணுகினார். காந்தம் பற்றாத பித்தளைக் கருவிகளால் உறுப்புகளைக் கழற்றினார். ஒவ்வொரு செயலையும் தொலைவில் நின்றோர்க்கு முன்கூட்டியே உரைத்தார். தாம் மாண்டாலும் அடுத்து வருபவர் பிழைக்க வேண்டும் அன்றோ! வெடியின் மறைபொருள் விளங்கிற்று. கப்பல்களில் மின்கம்பி சுற்றிக் காந்தத்தன்மையை அடக்கும் முறை பரவிற்று. மன்னர் ஆறாம் ஜார்ஜ் அடுத்த மாதமே அன்னாருக்கு விருதளித்தார்.

மற்றவர் நம் தமிழர். சென்னை சாப்பர்ஸ் பொறியியற் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். அப்பொழுது ஒரு வெடி தூண்டப்பட்டது. ஓடித் தப்ப எண்ணாது அதன்மீதே பாய்ந்து விழுந்தார். வெடியின் வேகத்தைத் தம் உடலில் தாங்கித் தோழர்களைக் காத்துத் தம்முயிர் ஈந்தார். அவர் மறைந்தபின் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பெற்றது.

போர் நம் ஊரையும் தீண்டியது. 1945 மார்ச் 10ஆம் நாள் கோலாலம்பூரில் விழுந்த குண்டு சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியை அழித்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அருகேயுள்ள அவ்விடத்திலேயே 1963இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வெடிக்காது புதைந்த பழைய குண்டுகள் நம் நாட்டில் நிலத்தைத் தோண்டுமிடங்களில் இன்றும் அகப்படுவதுண்டு.

ஆகவே, துருவேறிய ஐயத்திற்குரிய இரும்புப் பொருளைத் தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ கண்டால் தொடாதீர், கல்லெறியாதீர், விலகிச் சென்று பெரியோரிடம் கூறுங்கள். அவர்கள் காவல் துறைக்கு அறிவிப்பர். விலகி நிற்பது கோழைமையன்று. ஊவ்ரி துணிந்தது பயிற்சி பெற்றபின். சுப்பிரமணியன் பாய்ந்தது பிறர்க்காக. விளையாட்டுக்காக உயிரைப் பணயம் வைப்பது வீரமாகாது.

பயிற்சி வினாக்கள்
1. பித்தளைக் கருவிகளைப் பயன்படுத்தியது ஏன்?
2. சுப்பிரமணியன் தோழர்களை எவ்வாறு காத்தார்?
3. ஐயத்திற்குரிய பொருளைக் கண்டால் நீ என்ன செய்வாய்?