முகம் கருக்காமல் படம் பிடிப்போம்



எங்கள் அம்மாயி காலமானபோது மாலை போட்டு வைக்க ஒரே ஒரு படம்தான் இருந்தது. இஸ்தோப்பில் உட்கார வைத்து நான் பிடித்தது. பின்னால் மூடுபனி பாலாக வெளுத்துக் கிடக்குது. முகம் மட்டும் கரிக்கட்டை. "இது யாருடா?" என்று சித்தி கேட்டார். தலையைக் குனிந்து நின்றேன். பிழை கமராவில் இல்லை. அதை அதன் போக்கில் விட்ட என்னிடம்தான்.

கமராவுக்கு ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஓட்டோவில் விட்டால், பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெளுப்பு அதிகம் என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது நம்ம முகம் இருண்டு போகும்.

இதைத் தடுக்க மூன்று பிடிகள் உண்டு. பீலியில் குடம் நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. துவாரம்: பீலியின் வாய். எண் சிறிதானால் வாய் பெரிது. 4, 5.6, 8, 11 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும்.

2. ஷட்டர்: குடத்தைப் பிடித்திருக்கும் நேரம். 1/125 விநாடியை 1/60 ஆக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய இரு மடங்கு. அதற்கும் கீழே போனால் கை ஆடி, படம் கலங்கலாம்.

3. ஐ.எஸ்.ஓ.: எண் கூடினால் குடம் சின்னதான மாதிரி, சீக்கிரம் நிரம்பிடும். ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும்.

இனிச் செய்முறை. ஹந்தானைப் பக்கம் பனி மூடிய காலை என்று வைப்போம். கமராவை 'எம்' எழுத்துக்குத் திருப்புங்கள். ஐ.எஸ்.ஓ. 400, துவாரம் 5.6. ஆளுக்குக் கிட்டப் போய், முகம் மட்டும் நிறையும்படி பார்த்து, அளவுகோலின் முள் 0க்கு வரும்வரை ஷட்டரை மாற்றுங்கள். கறுத்த முகமென்றால் 0க்கு அரைப்படி கீழே நிறுத்தினால் நிறம் சரியாக இருக்கும். பிறகு பின்னுக்கு வந்து படத்தைப் பிடியுங்கள். இப்போது முள் கூடுதல் பக்கம் ஓடும். அதன் பின்னால் நீங்கள் ஓடாதீங்க! பனி வெளுத்தால் வெளுக்கட்டும், நமக்கு முகம்தான் வேண்டும்.

கண்டி எசல பெரஹராவில் கதை தலைகீழ். சுற்றிலும் இருட்டு, கொப்பரா எரியும் பந்தம் மட்டும் வெளிச்சம். ஓட்டோவில் விட்டால் ஷட்டர் நீண்டு, நடக்கும் யானை கலங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. 3200, துவாரம் 3.5, ஷட்டர் 1/100 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. தொழிலாளர்களையும் அவர் படம் பிடித்தார். 1879இல் திக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் படங்களில் முகங்கள் இன்றைக்கும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அவர்களில் பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாது.

ஆகவே இந்த மாதப் பயிற்சி: வீட்டில் மூத்தவர் ஒருவரை வாசலில் உட்கார வைத்து, மேலே சொன்னபடி மூன்று படம் பிடியுங்கள். நல்லதைக் கழுவியெடுத்து, பின்பக்கம் பேரும் ஊரும் திகதியும் எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.